வராத பாக்கெட்டுக்குக் காத்திருந்த கதை

ரெண்டு வாரமா எங்க ஏரியா நெட் கனெக்‌ஷன்காரரைத் திட்டிக்கிட்டே இருந்தேன். பாவம் அவரு. லைன் பாக்குற தம்பி ரெண்டு தடவை வந்து மாடிப்படி ஓரமா இருக்கிற பெட்டியைத் திறந்து பாத்துட்டு "அண்ணா, லைன் க்ளீனா இருக்குண்ணா, உங்க சிஸ்டம்லதான் ஏதோ"ன்னு சொல்லிட்டுப் போனாரு, நான் நம்பல. ஏன்னா நான் எழுதுற லைப்ரரி (நெட்ல டேட்டா அனுப்பி வாங்குற கோடு) தன்னோடவே பேசுறப்ப பறக்குது, வெளிய இருக்கிற வேற சர்வரோட பேசுனா ஆமை மாதிரி ஊருது. ஆனா வேலை செய்யுது! அதுதான் கொடுமையே. ஃபைல் முழுசா வந்து சேருது, ஒரு பைட் கூட தப்பில்ல, என்ன, லேட்டா வருது. அப்ப லைன்தானே காரணமா இருக்கணும்?

லைன் இல்ல. ஒரே ஒரு பிட். அதுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல இது என்ன லைப்ரரின்னு சொல்லிடறேன்.

குவிக்னு ஒரு புரோட்டோகால், அதாவது கம்ப்யூட்டருங்க நெட்ல டேட்டா அனுப்பி வாங்குறதுக்கான விதிமுறை. கூகுள்ல ஜிம் ராஸ்கின்ட் 2012ல வடிவமைச்சது, அடுத்த வருஷம் வெளிய சொன்னாங்க, 2016ல இன்டர்நெட் விதிமுறைங்களை வகுக்கிற ஐஇடிஎஃப் அதைக் கையில எடுத்து ஒரு குழு போட்டு அஞ்சு வருஷம் பிரிச்சு மேஞ்சு 2021 மே மாசம் ஆர்எஃப்சி 9000ன்னு வெளிய விட்டாங்க, ஆர்எஃப்சின்னா அவங்க போடுற விதிமுறை ஆவணம். வெப் பக்கங்களைக் கொண்டு வர, அதுமேல ஓடுற ஹெச்டிடிபி 3 அடுத்த வருஷம் ஜூன்ல வந்துச்சு, ஆர்எஃப்சி 9114. நீங்க போன்ல யூட்யூப் பாக்குற ஆளுன்னா தெரியாமலே இதுக்குப் பழகியிருப்பீங்க.

காலங்காலமா இருக்கிற பழைய வழி டிசிபி. அதுல என்ன குறைன்னா, வரிசை. ரேஷன் கடைல ஒருத்தரோட கைரேகை மெஷின்ல விழலன்னா பின்னாடி நிக்கிற அத்தனை பேரும் நிக்கணும்ல, அந்த மாதிரி. ஹெச்டிடிபி 2 ஒரே டிசிபி இணைப்புல பத்து ஃபைலை ஒண்ணா அனுப்புது, ஆனா நடுவுல ஒரு பாக்கெட் (டேட்டாவை நறுக்கி அனுப்புற துண்டு) தொலைஞ்சா பத்தும் நிக்குது, அதுல ஒம்போது ஃபைலுக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னாலும். குவிக்ல ஒவ்வொரு ஃபைலும் ஒரு ஸ்ட்ரீம், ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் தனி வரிசை. அப்புறம் டிசிபி ஐபி முகவரியையும் போர்ட்டையும் வெச்சுதான் ஆளை அடையாளம் காணுது, அதனால வீட்டு வைஃபைல இருந்து தெருவுக்கு இறங்கி மொபைல் டேட்டாவுக்கு மாறுனா இணைப்பு செத்துச்சு. குவிக்ல கனெக்‌ஷன் ஐடின்னு ஒண்ணு இருக்கு, நீங்க எந்தப் பெட்டில ஏறி உக்காந்தாலும் பிஎன்ஆர் அதேதான்ங்கிற மாதிரி. இதெல்லாத்தையும் டிசிபிலயே சேத்திருக்கலாமேன்னா, டிசிபி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட அடிமடியான கெர்னலுக்குள்ள இருக்கு, நடுவுல இருக்கிற ஃபயர்வால் பெட்டிங்களும் டிசிபின்னா இப்படித்தான் இருக்கும்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு, புதுசா ஒரு ஆப்ஷன் போட்டா தூக்கிப் போட்டுடும். அதனால யூடிபிங்கிற எளிமையான வழி மேல ஏறி, முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி, நடுவுல இருக்கிறவன் எதையும் மனப்பாடம் பண்ண முடியாதபடி செஞ்சாங்க.

இதுக்குத்தான் ரஸ்ட் மொழில என்னோட ஒரு லைப்ரரி, வார லீவுல மட்டும் எழுதுறது. ஏற்கனவே கிளவுட்ஃப்ளேரோட கீஷ் இருக்கு, க்வின் இருக்கு, மைக்ரோசாஃப்ட்டோட எம்எஸ்குவிக் இருக்கு, குவிக்-கோ, பைத்தான்ல அயோகுவிக், இன்னும் ஒரு டஜன் இருக்கு, எதுக்குடா நீ வேறன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. தெருவுக்குத் தெரு இட்லிக் கடை இருக்குன்னு வீட்ல மாவு ஆட்டாமயா இருக்கோம்? அவ்ளோதான் என் பதில். கூடவே ஒரு சின்ன ஆசை, சின்ன போர்டுங்கள்ல ஓடுற மாதிரி, அடுத்தவங்க கோடை நம்பியிருக்கிற டிபெண்டன்சி கம்மியா, ஒருத்தர் ஒரு வாரத்துல முழுசா படிச்சு முடிக்கிற அளவுக்கு ஒண்ணு இருக்கணும்னு.

ஆரம்பத்துல எடுத்த ஒரு முடிவு மட்டும் இன்னிக்கும் என்னைக் காப்பாத்துது. லைப்ரரிக்குள்ள நெட்வொர்க்கோட பேசுற வாசலான சாக்கெட்டே கிடையாது, கடிகாரமும் கிடையாது. வெளிய இருந்து "இந்தா பைட்ஸ் வந்துச்சு, இப்ப மணி இவ்ளோ"ன்னு குடுக்கணும், அது "சரி, இந்த பைட்ஸை அனுப்பு, இத்தனை மணிக்கு என்னை எழுப்பு"ன்னு சொல்லும். அயோகுவிக், க்வின் ரெண்டுமே இந்த வழிதான், அங்க பாத்துதான் கத்துக்கிட்டேன். இதுல என்ன லாபம்னா டெஸ்ட்ல ஒரு மணி நேரம் காத்திருக்கணும்னா மணியைக் கூட்டிக் குடுத்தா போதும், நொடியில முடிஞ்சுடும். ஆரம்பத்துல இதை வெறும் வசதின்னுதான் நினைச்சேன்.

இப்ப அந்த பிட்.

குவிக்ல பாக்கெட்டோட உள்ளடக்கத்தை என்கிரிப்ட் பண்றதோட நிக்க மாட்டாங்க, பாக்கெட்டோட முகப்பான ஹெட்டர்ல இருக்கிற பாக்கெட் நம்பரையும் மறைப்பாங்க. என்கிரிப்ட் ஆன பகுதில இருந்து 16 பைட்டை மாதிரியா எடுத்து, அதுல இருந்து ஒரு மாஸ்க் தயார் பண்ணி, அதை ஹெட்டர் மேல எக்ஸார் போடணும், அதாவது மாஸ்க்ல 1 இருக்கிற இடத்துல பிட்டைத் திருப்பிப் போடணும். பாக்கெட் நம்பர் எத்தனை பைட்டுங்கிற தகவலே முதல் பைட்ல மறைஞ்சுதான் இருக்கும், அதனால நம்பர் எங்க முடியுதுன்னு தெரியாமலே மாதிரி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். நாலு பைட்டுன்னு வெச்சுக்கிட்டு எண்ணுங்கன்னு குவிக் என்கிரிப்ஷனுக்கான ஆர்எஃப்சி 9001 சொல்லுது, அழகான தந்திரம், முதல் தடவை படிச்சப்ப சிரிச்சேன். இணைப்பை ஆரம்பிக்கிற ஹேண்ட்ஷேக் நேரத்துல வர்ற பாக்கெட்டுங்களுக்கு நீளமான ஹெட்டர், அதுல முதல் பைட்டோட கடைசி 4 பிட்டை மறைக்கணும். ஹேண்ட்ஷேக் முடிஞ்சப்புறம் வர்றதுக்குக் குட்டி ஹெட்டர், அதுல கடைசி 5 பிட். நான் ரெண்டுக்கும் 4 போட்டு வெச்சிருந்தேன்.

இப்ப என்ன ஆகும்னு பாருங்க. என் லைப்ரரி அனுப்பி என் லைப்ரரியே வாங்குனா ரெண்டு பக்கமும் ஒரே தப்பு, தப்பும் தப்பும் சேந்து சரியாயிடுது, நூத்துக்கு நூறு பாஸ். வேற ஒருத்தரோட பேசுனா ஹேண்ட்ஷேக் ஜோரா முடியும், ஏன்னா அங்க 4தான் சரி. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு பாக்கெட்லயும் அந்த அஞ்சாவது பிட்டுக்கான மாஸ்க் 0வா இருந்தா தப்பிச்சுது, 1ஆ இருந்தா ஹெட்டர் தப்பாப் படிக்கும், ஹெட்டரும் என்கிரிப்ஷன் சரிபார்ப்புல சேர்த்தி, அதனால டிக்ரிப்ட் ஆகாது. டிக்ரிப்ட் ஆகாத பாக்கெட்டை என்ன பண்ணணும்? சத்தமில்லாம தூக்கிப் போடணும். எவன் வேணா யூடிபில குப்பையை அனுப்பலாம், அதுக்கெல்லாம் இணைப்பை மூடிக்கிட்டிருக்க முடியாதுன்னு ஆர்எஃப்சிலயே அப்படித்தான் இருக்கு. நான் அதை அப்படியே செஞ்சேன். எதிர் பக்கமும் என் பாக்கெட்ல பாதியை அதே மாதிரி சத்தமில்லாம போட்டுச்சு. மிச்சத்தை லாஸ் ரெகவரி பாத்துக்கிச்சு, தொலைஞ்சது திரும்பத் திரும்ப போய், எப்படியோ ஃபைல் வந்து சேந்துடுச்சு. நான் கஷ்டப்பட்டு எழுதுன ரெகவரி கோடுதான் என் தப்பை ரெண்டு வாரமா மூடி மறைச்சிருக்கு, வீட்ல பையன் செஞ்ச தப்பை அப்பாவுக்குத் தெரியாம பாட்டி மறைக்கிற மாதிரி.

கடைசில ஒரு ஞாயித்துக்கிழமை என்கிரிப்ஷன் சாவிங்க இருக்கிற கீ லாக் ஃபைலைக் குடுத்து, பாக்கெட்டுங்களைப் பிரிச்சுக் காட்டுற வயர்ஷார்க்ல திறந்தேன். வயர்ஷார்க் வந்த பாக்கெட் அத்தனையையும் சிரமமில்லாம டிக்ரிப்ட் பண்ணிக் காட்டுது. அப்ப லைன்ல தொலையல, என் வாசல் வரைக்கும் வந்துதான் தொலையுது. தூக்கிப் போடுற இடத்துல ஒரு கவுண்ட்டர் வெச்சேன். பாதிக்குப் பாதி. நெட்வொர்க் பாக்கெட்டைத் தொலைக்கும்தான், ஆனா காசு சுண்டிப் பாத்துத் தொலைக்காது. அஞ்சு நிமிஷத்துல இடம் தெரிஞ்சுடுச்சு. லைன் பாக்குற தம்பிக்கு ஃபோன் பண்ணி "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன், "நான்தான் சொன்னேன்லண்ணா"ன்னாரு.

இதுல இன்னொரு வேடிக்கை. ஆர்எஃப்சி 9001 பின்னிணைப்புல சரிபாத்துக்க உதாரண பாக்கெட்டுங்க குடுத்திருக்காங்க. நீள ஹெட்டர் உதாரணத்தை மட்டும் ஓட்டிப் பாத்துட்டு, குட்டி ஹெட்டருக்கு இருக்கிற ஒரே உதாரணம் சாச்சா20ங்கிற வேற என்கிரிப்ஷன் முறைக்கானதுங்கிறதால அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன். சோம்பேறித்தனம் பண்ணாம ஓட்டியிருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும்னு தலைல அடிச்சுக்கிட்டு, பழைய தப்புக் கோடை அதுல ஓட்டிப் பாத்தேன். பாஸ்! அந்த உதாரணத்தோட மாஸ்க்ல அந்த அஞ்சாவது பிட் 0. உலகத்துல இருக்கிற பாதி பாக்கெட்டுல மாட்டக்கூடிய தப்பு, சரிபாக்கக் குடுத்த ஒரே பாக்கெட்ல மாட்டல.

அதுக்கப்புறம்தான் அடுத்தவங்க கோடோட மோத விடாம எதையும் நம்புறதில்லன்னு ஆனேன். குவிக்-கோ எழுதுனவங்கள்ல ஒருத்தரான மார்ட்டன் சீமன் இதுக்குன்னே இன்ட்டராப் ரன்னர்னு ஒண்ணு பண்ணி வெச்சிருக்காரு. ஒவ்வொரு லைப்ரரியையும் ஒரு டாக்கர் கன்டெய்னரா குடுத்தா, நடுவுல ஒரு நெட்வொர்க் சிமுலேட்டரை வெச்சு எல்லாரையும் எல்லாரோடயும் பேச விட்டு கட்டம் கட்டமா ரிசல்ட் போடும், பாக்கெட்டைத் தொலைக்கும், கெடுக்கும், நடுவுல போர்ட்டை மாத்தும். உங்க லைப்ரரிக்குத் தெரியாத டெஸ்டுன்னா 127ங்கிற எக்ஸிட் கோடைச் சொல்லிட்டு வெளிய வந்துடலாம், கௌரவமா. நான் முதல் தடவை ஓட்டுனப்ப முக்கால்வாசிக்கு 127தான்.

எங்க அம்மாவுக்கு ஒரு பழக்கம். யாரு வீட்டுக்கு வந்துட்டுக் கிளம்புனாலும் "போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு"ன்னு சொல்லுவாங்க. குடுத்தா நிம்மதி. குடுக்கலன்னா? போய்ச் சேரலயா, சேந்துட்டு மறந்தாங்களா, ஃபோன்ல சார்ஜ் இல்லயா, இல்ல இன்னும் பஸ்லயே இருக்காங்களா, எதுவும் தெரியாது. எவ்ளோ நேரம் காத்திருக்கலாம், எப்ப நாமளே கூப்பிட்டுப் பாக்கலாம், இதை அம்மா ஊர் தூரத்தை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. பக்கத்துத் தெரு சித்தின்னா பத்து நிமிஷம், திருநெல்வேலி மாமான்னா ராத்திரி முழுக்க.

தொலைஞ்ச பாக்கெட்டைக் கண்டுபிடிக்கிறதுக்கான ஆர்எஃப்சி 9002 முழுக்க அம்மாவோட இந்தக் கணக்குதான். "கிடைச்சுது"ங்கிற பதிலான அக் வந்தா பிரச்சினை இல்ல. ஒரு பாக்கெட்டுக்கு அக் வரல, ஆனா அதுக்கு மூணு நம்பர் தள்ளி அனுப்புனதுக்கு வந்துடுச்சுன்னா முதல்ல போனது தொலைஞ்சதா வெச்சுக்கலாம். இல்லன்னா போய்வர ஆகுற நேரத்துல எட்டுக்கு ஒம்போது பங்கு வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம். போய்வர எவ்ளோ நேரம் ஆகும்னே தெரியாத புது இணைப்புக்கு 333 மில்லிசெகண்டுன்னு வெச்சுக்கணும். எதுவுமே வரலன்னா ஒரு டைமர் அடிக்கும், அடிச்சதும் தொலைஞ்சுதுன்னு முடிவு கட்டக் கூடாது, கூப்பிட்டுப் பாக்கணும், அவ்ளோதான், அடுத்த தடவை ரெட்டிப்பு நேரம் பொறுக்கணும். மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்க, நெட்வொர்க்ல மௌனத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. என் லைப்ரரில பாக்கெட் வந்தா என்ன பண்றதுங்கிற கோடு ரொம்ப சின்னது, வராட்டி என்ன பண்றதுங்கிற கோடுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது அத்தனையும்.

அதுல மோசமானது ஒண்ணு. ஒருத்தர் என் கோடு இருக்கிற பக்கத்துல இஷ்யூ (புகார்) போட்டாரு, "ஹேண்ட்ஷேக் சில சமயம் 30 செகண்ட் தொங்கிட்டு செத்துடுது, மறுபடி போட்டா வருது." 30 செகண்ட்ங்கிறது என் லைப்ரரியோட ஐடில் டைம்அவுட், அவ்ளோ நேரம் பேச்சே இல்லன்னா இணைப்பை மூடிடும். சரி, யாரும் பேசாம இருந்திருக்காங்க. ஏன் பேசல? எனக்கு வரவே மாட்டேங்குது, ஆயிரம் தடவை ஓட்டுனேன். சர்வர் தான் யாருன்னு நிரூபிக்கக் காட்டுற சர்ட்டிஃபிகேட் செயின் அவருக்குப் பெருசுன்னு மூணாவது நாள்தான் கேட்டேன். என் டெஸ்ட்ல நானே கையெழுத்துப் போட்ட குட்டி சர்ட்டிஃபிகேட், அதான் வரல.

விஷயம் இதுதான். யூடிபில யார் முகவரியை வேணா போட்டு பாக்கெட் அனுப்பலாம், சின்னக் கேள்வி கேட்டுப் பெரிய பதிலை அடுத்தவன் தலைல கொட்ட வைக்கலாம். அதைத் தடுக்க, கேட்டவர் நிஜமாவே அந்த முகவரிலதான் இருக்காருன்னு உறுதியாகுற வரைக்கும் சர்வர் வாங்குனதுக்கு மூணு மடங்குக்கு மேல அனுப்பக் கூடாது. கேக்குற பக்கத்துக்குப் பேரு கிளையன்ட், அதோட முதல் பாக்கெட் குறைஞ்சது 1200 பைட் இருக்கணும்னு விதி, அப்ப சர்வருக்கு 3600. பெரிய செயின்னா 3600 பத்தாது, பாதியிலயே கையைக் கட்டிக்கிட்டு நிக்கும், கிளையன்ட் கிட்ட இருந்து இன்னும் ஏதாவது வந்தாதான் மிச்சம். கிளையன்ட் "கிடைச்சுது"ன்னு ஒரு அக் அனுப்புது, அது வழில தொலைஞ்சுடுச்சு. அக்குக்கு அக் கிடையாது, அதனால திரும்பவும் போகாது. கிளையன்ட் பக்கம் பாத்தா அது அனுப்புன ஹலோவுக்குப் பதில் வந்தாச்சு, அதுக்கு நிலுவைல எதுவும் இல்ல, நிலுவை இல்லன்னா டைமரும் இல்ல, மிச்ச சர்ட்டிஃபிகேட் வரட்டும்னு உக்காந்திருக்கு. சர்வர் அவங்க பேசட்டும்னு உக்காந்திருக்கு. கல்யாணம் முடிஞ்சு முதல் தீபாவளிக்கு ரெண்டு சம்பந்தி வீடும் அவங்க முதல்ல கூப்பிடட்டும்னு இருப்பாங்களே, அதேதான். யார் மேலயும் தப்பில்ல, பண்டிகை போயிடும்.

இதுக்கு மருந்து ஆர்எஃப்சி 9002லயே இருக்கு. கிளையன்ட்தான் இறங்கி வரணும். நிலுவைல ஒண்ணுமே இல்லன்னாலும், சர்வர் நம்மளை நம்பிடுச்சுன்னு தெரியுற வரைக்கும் டைமரை ஓட விடணும், அடிச்சா ஒரு பாக்கெட் அனுப்பணும், ஹேண்ட்ஷேக் சாவி கைல இருந்தா அந்த பாக்கெட், இல்லன்னா 1200 பைட்டுக்கு நிரப்புன இனிஷியல் பாக்கெட். நான் அந்தப் பத்தியைப் படிச்சிருக்கேன், படிச்சதுக்கு சாட்சி என் கோடுலயே இருந்துச்சு, "இது எதுக்குன்னு புரியல, அப்புறம் பாக்கணும்"னு ஒரு கமென்ட். ஒண்ணரை வருஷம் பழசு. இப்பல்லாம் ஆர்எஃப்சில ஒரு வரி எதுக்குன்னு புரியலன்னா அதை எழுதுன அன்னிக்கு யாரோ ஒருத்தர் நல்லா அடி வாங்கியிருக்காருன்னு எடுத்துக்கறேன். இந்தத் தப்புக்கு டெஸ்ட் எழுத சாக்கெட் இல்லாத அந்த டிசைன்தான் கை குடுத்துச்சு. அந்த ஒரு அக்கை மட்டும் தூக்கிப் போட்டுட்டு மணியைக் கூட்டிக் குடுத்தா போதும், ஆயிரம் தடவை ஓட்டியும் வராதது ஒவ்வொரு தடவையும் வந்துச்சு.

மௌனத்துக்கு நேரெதிரா பொய் சொல்றவங்களும் உண்டு. ஒருத்தர் எனக்குத் தனியா மெயில் போட்டாரு, இஷ்யூல எல்லாரும் பாக்க போடாம தனியா போட்டதுக்கே அவருக்கு நன்றி. "நீங்க அனுப்பாத பாக்கெட்டுக்கு நான் அக் அனுப்புனா உங்க லைப்ரரி ஏத்துக்குது." பஸ்லயே உக்காந்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்னு மிஸ்டு கால் குடுக்குற ஆளு. இதனால என்னன்னா, அக் வேகமா வர வர சர்வர் ரோடு காலியா இருக்குன்னு நம்பி இன்னும் வேகமா கொட்டும், நெரிசலே பாக்காது. இதுக்கு மருந்துல, அனுப்பாத நம்பருக்கு அக் வந்தா இணைப்பை மூடிடணும்னு ஒரு பாதி. அடுத்த பாதி இன்னும் குறும்பு, நடுவுல வேணும்னே சில நம்பரை அனுப்பாம தாண்டிப் போகணும், நேர்மையான ஆள் அதுக்கு அக் குடுக்க மாட்டார், கண்ணை மூடிக்கிட்டு வரிசையா அக் போடுறவர் மாட்டிக்குவார். இதை எழுதுன ராத்திரி ரொம்ப சந்தோஷமா இருந்தேன், ஏன்னு தெரியல.

என்கிரிப்ஷன் சாவியைப் பேசி முடிக்கிற டிஎல்எஸ் பகுதியை நான் எழுதல, எழுதவும் மாட்டேன், ரஸ்ட்டிஎல்எஸ்ங்கிற லைப்ரரி பாத்துக்குது. சி மொழில எழுதுறவங்க பட்ட பாடு தெரியும்ல? ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற டிஎல்எஸ் லைப்ரரில குவிக்குக்கு வேண்டிய ஏபிஐயைச் சேருங்கன்னு புல் ரிக்வெஸ்ட் (கோடை அனுப்பிச் சேத்துக்கச் சொல்றது) போட்டுக் காத்துக்கிட்டே இருந்தாங்க, ஓப்பன்எஸ்எஸ்எல்காரங்க நாங்களே முழு குவிக் எழுதப் போறோம்னுட்டாங்க, அகமாயும் மைக்ரோசாஃப்ட்டும் சேந்து 2021ல அதோட நகலை எடுத்து குவிக்டிஎல்எஸ்னு தனியா ஃபோர்க் போட்டாங்க. ஓப்பன்எஸ்எஸ்எல்ல குவிக் வந்தது கிளையன்ட் பக்கம் 2023 நவம்பர்ல, சர்வர் பக்கம் 2025 ஏப்ரல்ல. அவங்கவங்களுக்கு ஒரு நியாயம் இருக்கும், ஆனா காத்திருந்தவங்க எத்தனை பேரு.

வேகத்தைப் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. ஒரு பாக்கெட்டுக்கு ஒரு தடவை கெர்னலைக் கூப்பிட்டு (சிஸ்டம் கால்) அனுப்புனா சிபியு அதுலயே செத்துடும், லினக்ஸ் 4.18ல இருந்து பெரிய பஃபரை ஒரே கால்ல குடுத்தா கெர்னலே துண்டு போட்டுக்கும், அதை சேத்ததும் நல்லா மாறுச்சு. சாக்கெட் எனக்கு வெளிய இருக்கிறதால அது உதாரண புரோகிராம்ல மட்டும் இருக்கு, அதனால யாரும் அதைப் பாக்கறதில்ல, ஸ்லோன்னு இஷ்யூ மட்டும் வருது.

வெப்டிரான்ஸ்போர்ட்டும் சேத்தேன், பிரவுசர்ல இருந்து ஸ்ட்ரீமும், தொலைஞ்சா திரும்ப அனுப்பாத டேட்டாகிராமும் நேரடியா அனுப்புறதுக்கு. குரோம் 97ல வந்துச்சு. ஆசையா சேத்தேன், அது டிராஃப்டா இருக்கறப்பவே சேத்ததால டிராஃப்ட் மாற மாற நானும் மாத்திக்கிட்டே இருந்தேன். லோக்கல்ல டெஸ்ட் பண்ண சர்ட்டிஃபிகேட்டோட ஹாஷை பிரவுசருக்குக் குடுக்கலாம், ஆனா அந்த சர்ட்டிஃபிகேட் ரெண்டு வாரத்துக்கு மேல செல்லுபடி ஆகக் கூடாது. நான் ஒரு டெமோ பண்ணி வெச்சுட்டு ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா ஓடல, கோடுல எதைத் தொட்டேன்னு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடுனேன்.

அந்த 30 செகண்ட் இஷ்யூவைச் சரி பண்ணிப் புது வெர்ஷன் விட்டுட்டு, "இப்ப சரியாச்சான்னு பாத்து சொல்லுங்க"ன்னு அவரு இஷ்யூலயே எழுதுனேன். பதில் வரல. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை கேட்டேன். வரல. சரியாயிடுச்சா, வேற லைப்ரரிக்குப் போயிட்டாரா, வேலையே மாறிட்டாரா தெரியல. நாள்பட்ட இஷ்யூவைத் தானா மூடுற புரோகிராமை எல்லாரும் போடச் சொல்றாங்க, நான் இன்னும் போடல. அது ஓப்பன்லதான் இருக்கு.